முன் இடது சக்கரத்தின் உள் ஓரம்

நம் டயர்க் கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் டயர் படம் போட்டு, கீழே ‘அண்ணே, இது எதனால?’ என்று கேட்கிறீர்கள். நான் பதில் போடுவதில்லை. ‘பெரியவருக்கு ரொம்பத்தான் கெத்து’ என்று ஒருவர் எழுதிவிட்டு உடனே அழித்தார். அழிப்பதற்குள் படித்துவிட்டேன். கோபமில்லை. போன செவ்வாய்க்கிழமை வத்தலக்குண்டிலிருந்து ஒரு தம்பி அனுப்பிய படத்தில், ஓரம் தேய்ந்த டயருக்குக் கீழே ‘டிராக்ல ஓட்டுற வண்டி, அதான்’ என்று முடிவையும் அவரே எழுதியிருந்தார். அந்த ‘அதான்’ என்ற சொல்லுக்காக இதை எழுதுகிறேன். நீளமாக இருக்கும். வண்டி வராத நேரத்தில் படியுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: திண்டுக்கல் பைபாஸில் ஒரு டயர் கடையில், சக்கரங்களின் கோணத்தை அளந்து சரிசெய்யும் வீல் அலைன்மென்ட் பகுதியை இருபத்தாறு வருஷம் பார்த்துக்கொண்டேன். நூல் கட்டி அளந்த காலத்தில் சேர்ந்து, கேமரா வைத்த மெஷின் காலத்தில் வெளியே வந்தவன். சேர்ந்த நாளிலிருந்து நோட்டு எழுதினேன். தேதி, கிழமை, வண்டி எண், எந்தச் சக்கரம், என்ன கோளாறு, என்ன செய்தோம். வருஷத்துக்கு ஒரு நோட்டு. டயர் கழற்றி மாட்டும் அந்தோணி என்னைவிடப் பத்து வயது இளையவர், வாய் நீளம். “அண்ணன் மேல போனா சித்திரகுப்தன் வேலைய விட்டுட்டு ஓடிருவான்” என்பார். எனக்கு அதில் உள்ளூரப் பெருமை இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

கொரோனா முடிந்து இரண்டாம் வருஷம். ஆடிப்பெருக்குக்கு மறுநாள் காலை செந்தில் வண்டியைக் கொண்டுவந்தார். சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம், முப்பத்தெட்டு வயது, சாதுவான மனிதர். கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கும் பந்தயத் தடத்தில், முன்கூட்டிப் பதிவு செய்துகொண்டால் அவரவர் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க விடுகிற நாட்கள் உண்டு. ‘டிராக் டே’ என்பார்கள். போட்டியும் பரிசும் கிடையாது. அவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போவார். வீட்டில் இருந்தது அந்த ஒரே கார். மற்ற நாளெல்லாம் அதை ஓட்டியவர் அவருடைய மனைவி கோகிலா, பல் டாக்டர்.

“அண்ணே, ஒரு டயர் மட்டும் கரைஞ்சுக்கிட்டே போகுது. அதுவும் வெளி ஓரம் மட்டும்” என்றார் செந்தில்.

“எந்தச் சக்கரம்?”

“முன்னாடி, லெப்ட்டு.”

“டிராக்கு எந்தப் பக்கமாச் சுத்துது?”

கொஞ்சம் யோசித்து, விரலால் காற்றில் வட்டம் போட்டுப் பார்த்து, “கடிகாரம் சுத்துற பக்கம்” என்றார்.

அந்த ஒரு கேள்வியிலேயே பாதி முடிந்துவிட்டது. கடிகாரப் பக்கம் சுற்றும் தடத்தில் வலது வளைவுகளே அதிகம். ஒவ்வொரு வலது வளைவிலும் வண்டியின் பாரம் இடப்பக்கம் சாயும்; முன் இடது டயர் தன் வெளித் தோளில் படுத்து உருளும். ரோட்டுக்குச் செய்த டயர் அதைத் தாங்காது. மெஷினில் ஏற்றினேன், அளவுகள் சரி. கடப்பாரையை முட்டுக்கொடுத்து அசைத்துப் பார்த்தேன், கீழே எங்கும் ஆட்டமில்லை. கையால் தடவினேன், தேய்ந்த இடம் இரு பக்கமும் வழவழவென்று இருந்தது. டிராக் தேய்மானம். அன்று நான் சொன்னது சரி. அது சரியாக இருந்ததுதான் பின்னால் வினையாயிற்று.

பிறகு நம் ஊர்ப் பழக்கத்தைச் செய்தேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றுகிற லாரிக்காரர்கள் நமக்குக் கற்றுக்கொடுத்தது அது. ஒரு ஓரம் தேய்ந்தால் டயரை ரிம்மிலிருந்து பிரித்து, வெளிப்பக்கம் உள்ளே போகும்படி திருப்பி மாட்டுவோம். தேயாத ஓரம் வெளியே வரும். இன்னும் சில மாதம் ஓடும். எல்லா டயரையும் அப்படித் திருப்பக் கூடாது என்று உங்களுக்குத் தெரியும். அது திருப்பக்கூடிய டயர்தான். அந்தோணி திருப்பி மாட்டினார். நோட்டில் எழுதினேன்: ‘முன் இடது. வெளி ஓரம் தேய்வு. டிராக். ரிம்மில் திருப்பியது.’

அதில் என்ன இல்லை என்று பாருங்கள். தேய்ந்த ஓரத்தில் எத்தனை மில்லிமீட்டர் ரப்பர் மிச்சம் இருந்தது என்பது இல்லை. அளவுமானி என் சட்டைப் பையிலேயே இருந்தது. காரணம் தெரிந்துவிட்டதால் அளவு எதற்கு என்று இருந்துவிட்டேன். பழைய கப்பல்களின் பதிவேடுகளைப் பற்றி எப்போதோ படித்தது நினைவுக்கு வருகிறது. மாலுமி காற்றின் திசையையும் வேகத்தையும் எழுதுவானாம். ஏன் வீசுகிறது என்று எழுதமாட்டானாம். படித்தபோது ரசித்தேன். நோட்டில் கடைப்பிடிக்கவில்லை.

ஆவணியில் செந்தில் இன்னொரு முறை டிராக்குக்குப் போய்வந்திருக்கிறார். எனக்குத் தெரியாது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் நம் கடைகளில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊரில் உள்ள வண்டி முழுக்க அன்றுதான் தனக்கு உடம்பு சரியில்லை என்று கண்டுபிடிக்கும். பன்னிரண்டு மணிக்கு வாசலில் பதினோரு வண்டி நின்றது. அந்த வரிசையில் கோகிலா வந்தார். கிளினிக்கில் நோயாளிகளை உட்காரவைத்துவிட்டு வந்திருக்கிறார். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஒட்டன்சத்திரத்துப் பெண். பேச்சிலேயே தெரியும்.

“ஏனுங்கண்ணா, வண்டி எடப்பக்கம் ஒதுங்குதுங்க. பிரேக் புடிச்சா.”

“எத்தன நாளா?”

“பத்து நாளைக்கு மேல இருக்குமுங்க. மொதல்ல எனக்குத்தான் ஓட்டத் தெரியலையோன்னு நெனச்சேன். அவரு அப்படித்தான் சொல்லுவாரு.”

மெஷினில் ஏற்றினேன். திரையில் எல்லாக் கட்டமும் பச்சை. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, டார்ச் அடித்து, முன் இடது டயரைப் பார்த்தேன். உள் ஓரம் மொட்டையாக இருந்தது. ஒரு கணம் திக்கென்றது. அடுத்த கணமே ஆடி மாதம் ஞாபகம் வந்தது. உள்ளே போய் நோட்டைப் புரட்டினேன். ‘ரிம்மில் திருப்பியது.’ என் கையெழுத்துதான். அன்று வெளியே இருந்த தேய்மானம் இன்று உள்ளே இருக்கிறது, அவ்வளவுதான் என்று மனம் சமாதானமாகிவிட்டது.

“பழைய தேய்மானந்தான் டாக்டர். நாங்களே திருப்பிப் போட்டது. தீபாவளி கழிச்சு டயரு மாத்திக்குவோம்” என்றேன்.

அந்தோணி பக்கத்தில் நின்றார். “அண்ணே, செத்த நேரந்தான். சக்கரத்தக் கழட்டிப் பாத்துருவமா?”

“வெளிய எத்தன வண்டி நிக்கிதுன்னு பாத்தியா? மெஷின் பச்சை காட்டுதுல்ல, பெறகென்ன?”

“இல்ல, அந்தம்மா பிரேக்குன்னு...”

“அந்தோணி, அடுத்த வண்டிய ஏத்து.”

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்.

கோகிலா கைப்பையை மாட்டிக்கொண்டே கேட்டார். “சனிக்கிழமை சிறுமலைப் பள்ளிக்கூடத்துல பல் முகாமுங்க. பஸ்ஸ நம்பிப் போனா நாள் போயிரும். இந்த வண்டியிலயே போலாமுங்களா?”

“தாராளமாப் போய்ட்டு வாங்க.”

இதை நான் அன்றைய நோட்டில் எழுதவில்லை. எழுதாமலே எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது.

சனிக்கிழமை பிற்பகல் முகாம் முடிந்து இறங்கும்போது, மலைப்பாதையின் கீழ்ப்பகுதியில் ஒரு வளைவில் அந்த டயர் வெடித்தது. வண்டி இடப்பக்கம் பாய்ந்து சிறுபாலத்தின் கட்டைச்சுவரில் மோதி நின்றது. பள்ளத்தில் விழவில்லை. உடன் வந்த பள்ளி ஆசிரியைக்கு நெற்றியில் சிராய்ப்பு. கோகிலா வளைவை எடுக்க ஸ்டீயரிங்கின் மேல் வலது கையைக் குறுக்கே வைத்திருந்த கணத்தில் காற்றுப்பை விரிந்திருக்கிறது. மணிக்கட்டும் கட்டைவிரலும் நொறுங்கின. மதுரையில் ஒரு மருத்துவமனையில் கம்பி வைத்து இரண்டு முறை அறுவை செய்தார்கள். எலும்பு கூடிவிட்டது. நரம்பு திரும்பவில்லை. பல் டாக்டருக்கு வலது கட்டைவிரல் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டாம்.

திங்கட்கிழமை காலை, வண்டியைக் கொண்டுவந்து போட்டிருந்த ஷெட்டுக்கு அந்தோணியும் நானும் போனோம். சக்கரத்தைக் கழற்றினோம். வெடித்தது உள் ஓரத்தில். ரப்பர் முழுக்கக் கரைந்து நூல் தெரிந்தது. கிழியாமல் மிச்சமிருந்த பகுதியைத் தடவினேன். உள்ளிருந்து வெளியே தடவினால் வழவழப்பு. வெளியிலிருந்து உள்ளே தடவினால் ரம்பப் பல் போல விரலை அறுத்தது. ஆடி மாதம் அப்படி இல்லை. சக்கரம் நேராக உருளாமல் வெளிப்பக்கம் பார்த்தபடி இழுபட்டுத் தேய்ந்தால் மட்டும் வருகிற பல் அது. பழைய தேய்மானத்தின் மேலேயே புதிய தேய்மானம் உட்கார்ந்திருந்தது.

அந்தோணி கடப்பாரையை உள்ளே விட்டு, சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மை நெம்பினார். அது பின்னால் நகர்ந்து, விட்டதும் திரும்ப வந்தது. அதன் பின்முனையை நகராமல் பிடித்து நிறுத்தும் ரப்பர் புஷ் கிழிந்திருந்தது. டிராக்கில் திரும்பத் திரும்ப முழு பிரேக் அடித்ததில் கிழிந்திருக்கும். வண்டி சும்மா நிற்கும்போது ஆர்ம் தன் இடத்தில் இருக்கும். மெஷின் பச்சை காட்டும். பிரேக் மிதித்தால் மட்டும் பின்னால் போய்ச் சக்கரத்தை வெளிப்பக்கம் திருப்பும். பிரேக் புடிச்சா எடப்பக்கம் ஒதுங்குதுங்க. மெஷினால் சொல்ல முடியாததை அந்தப் பெண் ஒரே வரியில் சொல்லியிருந்தார்.

நான் குத்தவைத்த இடத்திலேயே இருந்தேன். அந்தோணி கடப்பாரையைத் தரையில் வைத்தார்.

“இப்பக் கழட்டியாச்சுண்ணே” என்றார்.

அவர் என்னைக் குத்திப் பேசியது ஆயிரம் தடவை இருக்கும். அத்தனையிலும் வலித்தது இது ஒன்றுதான்.

இதற்குப் பின் நடந்ததுதான் எனக்கு இன்னும் வெட்கம். ஊரில் எல்லாரும் செந்திலைச் சொன்னார்கள். ரேஸ் ஓட்டி வண்டியைக் கெடுத்து, பெண்டாட்டி கையில் கொடுத்தான் என்று. கோகிலாவின் அண்ணன் ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்து, தங்கையைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். செந்திலும் அதை நம்பிவிட்டார். ஒரு நாள் கடைக்கு வந்து, “அண்ணே, நீங்க அன்னைக்கே டிராக்குனாலதான்னு சொன்னீங்க. நான்தான் கேக்கல” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டிய அந்த நாளை நோட்டில் குறித்திருக்கிறேன். வேறு எதுவும் எழுதாமல் தேதியை மட்டும்.

அந்தோணிக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரிய வழியில்லை.  அவர் என்னோடு தேநீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்.

தீபாவளிக்கு மறுநாள் செந்தில் வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டில் பட்டாசுக் காகிதம் ஒன்றுகூடக் கிடக்கவில்லை. கோகிலா நாற்காலியில் இருந்தார். வலது கை தலையணை மேல், கம்பிகளோடு. செந்தில் நின்றார். கோகிலாவின் அண்ணன் சோபாவில் இருந்தார். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரிந்ததால் நின்றபடியே சொன்னேன். புஷ், உள் ஓரம், நோட்டு, அந்தோணி கழற்றலாம் என்றது, நான் வேண்டாம் என்றது, எல்லாவற்றையும்.

அண்ணன்தான் முதலில் பேசினார். “அப்ப மாப்ள மேல தப்பில்லீங்கறீங்க.”

“புஷ் கிழிஞ்சது நான் ஓட்டுனதுலதான மச்சான்” என்றார் செந்தில்.

“கிழிஞ்சது உங்க ஓட்டத்துல தம்பி. கிழிஞ்சதக் கண்டுபுடிக்கிறது என் வேல. டிராக்ல ஓட்டுற வண்டில ரப்பர் கிழியத்தான் செய்யும். அதுக்குத்தான் எங்கிட்ட கொண்டாந்தீங்க.”

“இத்தன நாள் ஏன் சொல்லலீங்க?” என்றார் அண்ணன்.

 பயம் என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல்கூட வரவில்லை.

கோகிலா என்னைப் பார்க்காமல், தன் கையைப் பார்த்தபடி சொன்னார். “எனக்குத் தெரியுமுங்க, நீங்க சரியாப் பாக்கலைன்னு. அவரு மேல எனக்குக் கோவமில்லைன்னு அண்ணங்கிட்டயும் சொன்னேன், நம்பல. நான் பிரேக்குன்னு சொன்னனுங்க. நீங்க எத்தன நாளான்னு கேட்டீங்க. அதுக்கப்பறம் நோட்டப் பாக்கப் போயிட்டீங்க.”

பிறகு, “என்ற பேஷண்ட் யாராச்சும் வலின்னு சொன்னா, பழைய சீட்டப் பாத்துட்டு அனுப்பிச்சிருவனுங்களா?” என்றார். கேட்ட தொனியில் கோபமில்லை. உண்மையிலேயே யோசித்துப் பார்ப்பதுபோல் கேட்டார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அண்ணன் தனியாகத்தான் ஊருக்குத் திரும்பினார். அதற்கு நான் சொன்னது காரணமா, தெரியாது. செந்தில் அதன் பிறகு டிராக்குக்குப் போகவில்லை. கார் ஓட்டுவதையே குறைத்துக்கொண்டார். சின்னாளப்பட்டிக்கு பஸ்ஸில் போய்வருகிறார். நான் மறு வருஷம் தை மாதம் வேலையை விட்டேன். வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். வயதும் ஆகியிருந்தது.

உங்களுக்கு நான் சொல்ல முடிவது கொஞ்சம்தான். டிராக்குக்குப் போகிற வண்டியில் எந்தத் தேய்மானத்துக்கும் ‘டிராக்’ என்ற பதில் தயாராக இருக்கும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். அதனாலேயே அதை முதலில் சொல்லாதீர்கள். அளவை எழுதுங்கள், காரணத்தை எழுத வேண்டுமானால் பென்சிலில் எழுதுங்கள். திருப்பி மாட்டிய டயரில் திருப்பிய நாளின் மில்லிமீட்டரைச் சாக்குக்கட்டியால் பக்கவாட்டிலேயே குறியுங்கள். ஓட்டுகிறவர் ‘எப்போது’ என்று ஒரு சொல் சொன்னால், பிரேக்கில், வளைவில், மேடு இறங்கும்போது என்று எதுவானாலும், அந்தச் சொல்லை விட்டுவிட்டு மெஷினைப் பார்க்காதீர்கள். கையை வைக்காத டயரைப் பற்றி நான் பேசுவதில்லை. அதனால்தான் உங்கள் படங்களுக்குப் பதில் வருவதில்லை.

இந்த வருஷம் பொங்கல் கழிந்த வாரம், புதன்கிழமை, எனக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் வலி தாங்கவில்லை. ஊரில் வேறு பல் டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் கோகிலாவின் கிளினிக்குக்குத்தான் போனேன். பெயர்ப்பலகை மாறவில்லை. இப்போது அங்கே வேலை செய்வது நிவேதா என்ற இளம் டாக்டர். கோகிலா பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறார். வலது கை மடியில் இருந்தது. கட்டைவிரல் சுட்டுவிரலைத் தொடுவதில்லை.

என்னைப் பார்த்ததும், “வாங்கண்ணா, உக்காருங்க” என்றார். மற்றவர்களிடம் சொல்வதுபோலவே.

வாயைத் திறந்தேன். விளக்கை இறக்கிப் பஞ்சு வைத்தார்கள். கோகிலா குனிந்து பார்த்தார். நிவேதாவும் பார்த்தார்.

“மேடம், அந்த அடைச்ச பல்லுதான். பாத்தாலே தெரியுதே. நம்ம ரெக்கார்டுலயும் இருக்கு, மூணு வருஷத்துக்கு முன்னாடி நீங்க அடைச்சது. அதையே எடுத்துட்டுப் பாக்கட்டுமா?”

“எனக்கும் அப்படித்தான் தோணுது” என்றார் கோகிலா.

பிறகு ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைக்கு மேல் விளக்கு சுட்டது.

“தோணுறது இருக்கட்டும். ஒவ்வொண்ணாத் தட்டிப் பாரு கண்ணு. படம் எடு. அதுக்கு முன்னாடி, எப்ப வலிக்குதுன்னு அவரையே கேளு. அவரு சொல்லி முடிக்கிற வரைக்கும் சீட்டத் தொடாத.”

நிவேதா பஞ்சை என் வாயிலிருந்து எடுத்தார். சூடாகக் குடித்தால் வலிக்கிறதா, குளிர்ந்ததற்கா, கடிக்கும்போதா என்று கேட்டார். கோகிலா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நான் நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன்.